முதல் தடத்துக்கு முன்னால்

ஒரு நாள் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, என் வீட்டுக்காரர் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்து, "இந்தா, நீ கேட்டது" என்றார். பிரித்துப் பார்த்தால் பேட்டரிகள். எங்கள் வீட்டில் இருக்கிற எந்தப் பொருளுக்கும் பொருந்தாத குண்டு பேட்டரிகள். நான் கேட்கவே இல்லை. விசாரித்துப் பார்த்தால், அவருக்கு வந்த ஏதோ ஒரு மின்னஞ்சலில் யாரோ யாரையோ பேட்டரி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறது. இவர் நான்தான் சொல்கிறேன் என்று நினைத்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்துவிட்டார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். நானும் சிரித்தேன், சத்தம் வராமல். பிறகு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதுவும் சத்தம் வராமல்தான்.

விளக்கிச் சொன்னால்தான் புரியும். என் வீட்டுக்காரருக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. திரையில் வருவதையெல்லாம் ஒரு பெண் குரல் அவருக்கு வாசித்துக் காட்டும். எனக்குக் கண் நன்றாகவே தெரியும். வாயும் நன்றாகவே இருந்தது. தேவைக்கு மேலேயே இருந்தது என்பார் என் நாத்தனார். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. இப்போது கழுத்தில் இருக்கிற துளை வழியாக மூச்சு விடுகிறேன். சொல்ல வேண்டியதை ஃபோனில் எழுதினால் அது பேசும். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு 'சாப்பிட வாங்க' என்று கூப்பிட்டால் தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. அலமாரிக்குள் தூக்கிப் போட்டுவிட்டேன்.

வில்லங்கம் எங்கே என்றால், காது கொடுத்துக் கேட்க முடிகிற பெண் குரல் எங்களுக்கு அகப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் கம்ப்யூட்டரிலும் அதுதான் பேசியது, என் ஃபோனிலும் அதுதான் பேசியது. ஆண் குரலையும் வைத்துப் பார்த்தேன். "எவனோ ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து என்னைக் குளிக்கப் போகச் சொல்றான். எனக்குப் பயமா இருக்கு" என்றார் இவர். அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நான் பேசுவதாக இருந்தால் முதலில் மேஜையையோ கதவையோ, கைக்கு எட்டியதை ஒரு தட்டுத் தட்டுவேன். தட்டினால் பெண்டாட்டி, தட்டாவிட்டால் மெஷின். நான் தட்ட மறந்தால் அவர் தலையைத் தூக்கி, "நீயா, அதுவா?" என்று கேட்பார். சாதாரணமாகத்தான் கேட்பார். கேட்கும்போதெல்லாம் நான் தேவைக்கு மேல் பலமாகத் தட்டுவேன்.

மற்றவர்களிடம் எனக்கு முகம் இருக்கிறது, கை இருக்கிறது. நான் ஒரு முறை முறைத்தால் போதும், கீழ்வீட்டுக்காரர் வண்டியை நகர்த்தி நிறுத்திவிடுவார். வீட்டுக்காரரை முறைத்து என்ன பிரயோஜனம்? அவருக்கு நான் என்றால் என் பேச்சுதான். அந்தப் பேச்சு போனதும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் மரியாதையாக நடக்க ஆரம்பித்தார். "சட்டையை ஏன் இங்கே போட்டீர்கள்" என்று ஃபோன் வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொல்லும். அவர் "மன்னிச்சுக்கோ, எடுத்துடறேன்" என்று எடுத்துவிடுவார். முன்பெல்லாம், "போட்டா என்ன, சட்டை அழுவுதா?" என்று ஆரம்பித்து அரை நாள் வழக்காடுகிற மனுஷன். மெஷினிடம் யார் சண்டை போடுவார்கள்? எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோயிற்று. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள், லாட்ஜில் அடுத்தடுத்த அறையில் தங்கியவர்கள் மாதிரி ஆகிக்கொண்டிருந்தோம்.

பேட்டரி விவகாரம் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அந்தப் பேட்டரிகளைக் கையில் உருட்டிக்கொண்டே, "கட்டிலுக்கு அடியில அந்தப் பெட்டிங்க இருக்குல்ல?" என்றார். நான் மேஜையைத் தட்டி, இருக்கிறது என்றேன். "அதுல இருந்து உன் குரலையே உனக்கு எடுத்துத் தர முடியும்னு நினைக்கிறேன்" என்றார்.

அந்தப் பெட்டிகளில் இருப்பது சிடிகள். நான் முன்பு ஓர் ஒலி நூலகத்தில் வாசகியாக இருந்தேன். கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து, சிடியில் பதிந்து கொடுப்பது வேலை. மின்விசிறிச் சத்தம் விழுந்துவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து வாசிப்பேன். அந்தப் பக்கம் சவுண்ட்காரர். என் பிழைகளை வெட்டுவதுதான் அவர் பிழைப்பு என்பதால் அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தேன். வாசிப்பில் நான் மகா கண்டிப்பு. ஒரு சொல் தடுக்கினால் போதும், முதலில் என்னைத் திட்டிக்கொள்வேன். பிறகு புத்தகம் எழுதினவரைத் திட்டுவேன். பிறகு என்ன சிரிப்பு என்று கத்திரியைத் திட்டுவேன். கடைசியில், "எல்லாத்தையும் அழிச்சிடுங்க. ஒரு மூச்சுகூட மிஞ்சக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்து, அடுத்த வரியைத் தேனொழுக வாசிப்பேன். சிடியில் ஏறியதெல்லாம் அந்தத் தேன் மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் அங்கே என் மேல் புகார் கொடுக்க வந்தவர். அப்போது கல்லூரி மாணவர். "புவியியல் பாடம் முழுக்க 'படத்தைப் பார்க்கவும், படத்தைப் பார்க்கவும்'னு வாசிச்சு வச்சிருக்கீங்க. நான் எதை வச்சுப் பார்க்கிறது?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். "புத்தகத்துல இருக்கிறதைத்தான் வாசிக்க முடியும்" என்று நானும் மல்லுக்கு நின்றேன். அடுத்த பாடத்திலிருந்து ஒவ்வொரு படத்தையும் என் சொந்த வார்த்தையில் விவரித்துச் சொல்ல ஆரம்பித்தேன். அதில் குற்றம் கண்டுபிடிக்க அவர் வாரா வாரம் வந்தார். மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். நூலகத்தை மூடியபோது, நான் வாசித்த சிடிகள் அத்தனையையும் கேட்டு வாங்கி வந்து, உறை ஒவ்வொன்றிலும் பிரெய்ல் சீட்டு ஒட்டி, கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தினார்.

குரல் செய்கிற ஒரு பெண் அவருக்கு இணையத்தில் பழக்கம். ஒருவர் பேசிய பதிவுகளைக் கொடுத்தால், அதை வைத்து அதே குரலில் கம்ப்யூட்டரைப் பேச வைப்பாள். எல்லாம் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்களை வைத்துத்தான். ஃபோனில் என்னிடம், "அக்கா, மணிக்கணக்கா பேச்சு வேணும். பேசினதோட எழுத்தும் வேணும். முக்கியமா, எம்பி3 ஆக்கி அனுப்பிடாதீங்க. காதுக்குத் தேவையில்லைன்னு தனக்குத் தோணுறதையெல்லாம் அது தூக்கிப் போட்டுடும். எனக்கு ஒண்ணு விடாம வேணும்" என்றாள். சிடியில் உள்ளதைத் துளி குறையாமல் சுருக்கி வைக்கிற இன்னொரு வடிவம் இருக்கிறதாம். அதில் கேட்டாள்.

வீட்டுக்காரர் முதலில் காசு கொடுத்து வாங்குகிற ஒரு மென்பொருளைச் சோதனைக்குப் போட்டுப் பார்த்தார். அதில் பொத்தான்களில் படம் மட்டும்தான் இருந்தது, பெயர் எழுதவில்லை. வாசிக்கிற குரலுக்குப் படம் தெரியாது. "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று சொல்லிக்கொண்டே போயிற்று. "நான் என்ன தையக்கடைக்கா வந்திருக்கேன்?" என்று சொல்லி அதை நீக்கிவிட்டு, இலவசமான ஒன்றைப் போட்டார். எங்கெங்கோ இருக்கிற சிலர் சம்பளம் வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டது. அதிலும் ஒரே ஒரு பொத்தானுக்குப் பெயர் விட்டுப்போயிருந்தது. இவர் எழுதிப் போட்டார். மறுநாளே முகம் தெரியாத யாரோ அதற்குப் பெயர் வைத்து அனுப்பிவிட்டார்கள். "பெத்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் பேர் வைக்க மாட்டாங்க" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் சிடியை நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோட்டில் துடைத்துக் கொடுப்பேன். அவர் போட்டு, 'டேப், டேப், என்ட்டர்' என்று மூன்று விசைகளைத் தட்டுவார். அது உறுமிக்கொண்டு இறங்க ஆரம்பிக்கும். அவர் மேஜையில் திரை என்று ஒன்று உண்டு. கடையில் சேர்த்துக் கொடுத்தார்கள், இருக்கிறது. யாரும் அதைப் போட்டதில்லை, அவருக்கு எதற்கு அது? சிடி துடைக்கிற துணியை நான் அதன் மேல்தான் காயப் போடுவேன். மின்னஞ்சல் என்றால் குரலை நிதானமாக வாசிக்க விடுவார், இந்த மாதிரி வேலையில் அவர் ஓட்டுகிற ஓட்டத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவரே முதல் இரண்டு எழுத்தைக் கேட்டதும் அதன் வாயை அடைத்துவிட்டு அடுத்த விசைக்குப் போய்விடுவார்.

கீறல் விழுந்த சிடி வந்தால் மட்டும் நேரம் பிடிக்கும். கீறல் இருக்கிற இடத்தை அது விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கும். படித்தது ஒத்துப்போனால்தான் அங்கிருந்து நகரும். "உன்னை மாதிரியே இருக்கு. சொன்னதையே சொல்லிட்டு" என்றார் ஒரு நாள். நான் தட்டிவிட்டு, "பதில் ஒழுங்காக வந்தால் நான் ஏன் திரும்பக் கேட்கிறேன்" என்று எழுதினேன். ஃபோன் அதை யாருக்கோ வழி சொல்வது போலச் சொன்னது. அவர் "சரி" என்று சொல்லிவிட்டார். பழைய ஆளாக இருந்தால் அவ்வளவு லேசில் விட்டிருப்பாரா?

எல்லாவற்றையும் அனுப்பிச் சில வாரங்கள் கழித்துக் குரல் வந்தது. என் ஃபோனில் ஏற்றினோம். என்ன சொல்லிப் பார்ப்பது என்று யோசித்து, "உங்கள் சட்டையை யார் இங்கே போட்டது?" என்று எழுதினேன். ஃபோன் என் குரலில் கேட்டது. சந்தேகமே இல்லை, என் குரல்தான். அதையே இன்னொரு தடவை அழுத்திக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதான். நீயேதான்" என்றார்.

அன்றைக்கு நானும் நம்பினேன். இரண்டு நாள் போனதும்தான் விஷயம் புரிந்தது. அந்தக் குரல் எதைச் சொன்னாலும் 'உலகின் முக்கிய நதிகள் பின்வருமாறு' என்கிற தோரணையிலேயே சொன்னது. உப்பு தீர்ந்துவிட்டது என்றாலும் அப்படித்தான், எனக்கு முதுகு வலிக்கிறது என்றாலும் அப்படித்தான். இதே சமயத்தில் அவர் கம்ப்யூட்டரில் இறக்கியதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னேன், தட்ட மறந்துவிட்டேன். அவர் தலையைத் தூக்கி, "நீயா, சிடியா?" என்றார்.

அந்த வாரம் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். புதுக் குரலைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடடா, என்ன பதவிசா பேசுறா. தம்பி, கேட்டியா? முன்னாடியே இப்படிப் பேசியிருந்தா எனக்கும் இவளுக்கும் நடுவுல ஒரு பிரச்சினையும் வந்திருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. "போதும் அண்ணி, நேரமாகிறது, கிளம்புங்கள்" என்று எழுதி அழுத்தினேன். ஃபோன் அதை அவ்வளவு இனிமையாகச் சொன்னதில், அவர் நெகிழ்ந்துபோய், "இருக்கட்டும்மா, எனக்கென்ன அவசரம்" என்று இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் படியிறங்கியதும் நான் மேஜையைத் தட்டினேன். ஒரு தட்டு இல்லை, தட்டிக்கொண்டே இருந்தேன். டம்ளர் உருண்டு விழுந்தது. "இது நான் இல்லை" என்று எழுதினேன்.

"உன் குரல்தானே?" என்றார் அவர்.

"குரல் என்னுடையது. பேசுகிறது புத்தகம். நான் எப்போதாவது இந்த வீட்டில் இப்படிப் பேசியிருக்கிறேனா?"

இதையும் ஃபோன் அருமையாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னது. அவர் குனிந்து டம்ளரைத் தடவி எடுத்து வைத்தார். "எனக்கும் தெரியுது" என்றார் பிறகு. "நேத்து நீ முதுகு வலிக்குதுன்னு சொன்ன. எனக்குப் பரீட்சைக்குப் படிச்சதுதான் ஞாபகம் வந்துச்சு. சொன்னா உனக்கு வருத்தமா இருக்குமேன்னு சொல்லல. ஆனா நான் என்ன பண்ணுவேன்? வீட்டுல பேசுறதை யாரு பதிஞ்சு வைப்பா? ஃபோன்ல கிடந்த துண்டு துணுக்கையெல்லாம் கூட அனுப்பிப் பார்த்தேன். ஒரே டிவி சத்தம், தெரு சத்தம், இதுல ஒண்ணும் தேறாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா."

அவரைக் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் கிட்டத்தில் இருந்தபடியே என்னிடமிருந்து தூரம் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டு நிறுத்த எனக்கு ஒரு வழியும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போனதும் நான் பெட்டிகளை இழுத்துப் போட்டேன். இத்தனை சிடியில் எங்கேயாவது ஒரு தடுமாற்றம், ஒரு பெருமூச்சு, கத்திரி வெட்ட மறந்தது ஒன்றாவது இருக்காதா என்று தேடிப் பார்க்கலாம் என்று. அவர் மேஜையில் உட்கார்ந்தேன். எனக்கு விசைக் கணக்கெல்லாம் தெரியாது. துணியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, தூசியைத் துடைத்து, திரையைப் போட்டேன். புவியியல் முதல் சிடியை உள்ளே தள்ளினேன்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து அந்த மென்பொருளை முழுக்கத் தமிழாக்கி வைத்திருக்கிறான். 'முதல் தடத்துக்கு முன்னால் மறைவான ஒலி உள்ளது. அதையும் எடுக்கவா?' என்று இருந்தது. கீழே 'வேண்டாம்', 'எடு' என்று இரண்டு பொத்தான்கள். இயல்பாகவே தயாராக நின்றது 'வேண்டாம்'.

தடம் என்றால் டிராக் என்று கொஞ்சம் யோசித்துத்தான் விளங்கிற்று. முதல் டிராக்குக்கு முன்னால் என்ன இருக்கும்? 'எடு' என்பதை அழுத்தினேன். இறங்கி முடிந்ததும் போட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு நான்.

"நாசமாப் போச்சு. நாக்கு என்ன வாடகைக்கா எடுத்திருக்கு? இல்ல, நான் கேட்கிறேன், இந்த மனுஷன் முற்றுப்புள்ளின்னு ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்லையா? வாக்கியம் போகுது, போகுது, பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கு. மூச்சு விடுறதா வேண்டாமா மனுஷி? நீங்க என்ன அங்க இளிக்கிறீங்க? அழிங்க முதல்ல."

நான் கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் பேச்சு. சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. எனக்கு மூச்சு முட்டினால் கழுத்துத் துளையை மூடியிருக்கிற துணியை எடுத்துவிட்டு நிதானப்படுத்திக்கொள்ள வேண்டும், அதைக்கூடச் செய்யத் தோன்றவில்லை. அடுத்த சிடியைப் போட்டேன். அதே கேள்வி. அதற்கு அடுத்ததிலும் அதே கேள்வி. ஒவ்வொன்றிலும், பாடம் ஆரம்பிக்கிறதற்கு முன்னால், நான் யாரையோ வறுத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடவில்லை, வாசல் கதவு திறந்ததும் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் அறை வாசலில் நிற்கிறார். பை தோளிலிருந்து நழுவிக் கீழே கிடக்கிறது. சிடிக்குள்ளே நான் கத்திரியை டீ ஆறிப்போனதற்காகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"பேசுறியா?" என்றார். "உனக்குப் பேச்சு வந்துடுச்சா?"

நான் அதை நிறுத்திவிட்டு, மேஜையை ஒரு தட்டுத் தட்டினேன். "இல்லை. சிடி" என்று எழுதினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் எழுதி எழுதிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"டேப், டேப், என்ட்டர். ஒவ்வொரு சிடிக்கும் அது என்கிட்ட கேட்டிருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் அது வாயை அடைச்சிட்டு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

கத்திரியின் நம்பரைத் தேடிப் பிடித்தோம். இப்போது கூட்டங்களுக்கு மைக் கட்டுகிறாராம். சிடியில் கிடைத்ததை மட்டும் என் வீட்டுக்காரர் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார். "அழிச்சாச்சுன்னுதான் அம்மாகிட்ட சொல்லியிருந்தேன். மனசு வரல சார். முதல் டிராக்குக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விட முடியும். ப்ளேயர்ல போட்டா அதைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும். பிள்ளைங்க காதுலயும் விழாது, அம்மா காதுலயும் விழாது. அங்க வச்சிட்டேன்."

"எதுக்கு?"

"அவங்க திட்டுறது அவ்வளவு நல்லா இருக்கும் சார்."

நான் ஃபோனை எடுத்து, "உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று எழுதினேன். என் புத்தகக் குரல் அதைச் சொன்னது. "இது யாரு?" என்றார் கத்திரி. என் வீட்டுக்காரர் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டுக் கத்திரி, "அம்மா, சீக்கிரம் அந்தக் குரலைச் செய்யச் சொல்லுங்க. இது கேட்கச் சகிக்கல" என்றார்.

குரல் செய்கிற பெண்ணுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் பேசினது அட்சரம் பிசகாமல் எழுத்திலும் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பாடம் என்றால் புத்தகம் இருக்கிறது. வசவுக்குப் புத்தகம் ஏது? நானே கேட்டுக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. நான் திட்டியதை நானே, 'ஐயோ'வுக்கு ஐயோ, 'சீ'க்குச் சீ என்று தட்டச்சு செய்தேன். அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அறையில் திரை இப்போது தினமும் எரிந்தது. துணியைக் கொடியில் காயப் போட்டேன்.

புவியியலின் கடைசி சிடிகளில் ஒன்றைப் போட்டபோது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு என் குரல், தணிந்து.

"போயாச்சா? என்ன வாய், என்ன வாய். 'எதை வச்சுப் பார்க்கிறது'ன்னு என்கிட்டயே கேட்கிறான். இருக்கிறதைத்தானே வாசிக்க முடியும்? நான் என்ன படம் வரையவா வந்திருக்கேன்?" தாள் புரள்கிற சத்தம். "கேட்டது நியாயமாத்தான் இருக்கு. ஏங்க, அவன் அடுத்த வாரமும் வருவானா?" கத்திரி சிரிக்கிறார். "சும்மா கேட்டேன். அழிங்க அதை."

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தடவை." போட்டேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "வருவானான்னு கேட்டியா?" என்றார்.

நான் மேஜையைத் தட்டினேன். "அது டீ கொண்டுவருகிற பையனைப் பற்றி" என்று எழுதினேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது. நல்லவேளை, அது அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை அங்கேயே வைத்திருந்தார்.

புதுக் குரல் வந்த அன்று காலையில் அவருக்கு வீட்டிலேயே அவசர வேலை. நான் குரலை ஃபோனில் ஏற்றிக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். பயம்தான். இதுவும் நானாக இல்லாவிட்டால் அடுத்து எங்கே போய்த் தேடுவது? கட்டிலுக்கு அடியில் இனி ஒன்றும் இல்லை. அடுப்பில் இருந்ததைக் கிண்டிக்கொண்டே, அவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். காலையில் வைத்த டீ அவர் மேஜையில் அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது. குளித்துவிட்டு வந்து கழற்றிய ஈரத்துண்டு என் நாற்காலி மேல் கிடக்கிறது. எனக்கு வந்ததே கோபம். ஃபோனை எடுத்து, நினைத்ததை அப்படியே எழுதி அழுத்தினேன்.

"ஏங்க, அந்தக் கம்ப்யூட்டரை விட்டுட்டு எந்திரிச்சு வரீங்களா இல்லையா? டீ ஆறிக் கிடக்கு, துண்டு என் நாற்காலியில கிடக்கு. இந்த வீட்டுல எல்லாத்தையும் நான்தான் சொல்லணுமா?"

அந்த அறையில் மெஷின் ஏதோ கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தது, நின்றது. நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"வரேன், வரேன்" என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்கு ஏன் இப்படிக் கத்துற? நாற்காலியில போட்டா என்ன, நாற்காலி அழுவுதா?"

நான் தட்டவே இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பதிலை எழுத ஆரம்பித்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.